பெட்டிகளோடு போன முடிச்சு

எங்கள் கார்மென்டில் எனக்கு இரண்டு வேலை. பெக்கிங் லைனில் உடுப்பை மடித்துப் பெட்டியில் அடுக்குவது ஒன்று. வெறும் கொன்டெய்னருக்குள் தனியாக நின்று இருட்டைப் பார்ப்பது இன்னொன்று. கேட்டால் சிரிப்பு வரும். "பிரஷாந்தினிக்கு இருட்டப் பாக்கவும் சம்பளம்" என்று லைன் பெண்கள் கேலி செய்வார்கள். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஏற்ற வருகிற கொன்டெய்னர்கள் பல கடல் பார்த்துப் பழசானவை. கூரையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கப்பலில் போகும்போது தண்ணீர் இறங்கும், உள்ளே உள்ள உடுப்பு முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் ஏற்றுவதற்கு முன் ஒருத்தி உள்ளே போக வேண்டும். வெளியிலிருந்து கதவைச் சாத்துவார்கள். எங்காவது பொட்டு வெளிச்சம் தெரிகிறதா என்று சுற்றிப் பார்த்து, அண்ணாந்து பார்த்து, ஒன்றுமில்லை என்றால் கதவைத் தட்டி "சரி" என்று கத்த வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. மற்றவர்கள் மூச்சு முட்டும் என்று பின்வாங்கினார்கள். எனக்குப் பயமில்லை என்றேன், என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் என் குடும்பத்தை நானே கெடுத்தேன்.

கார்மென்ட் இருப்பது பதுளையிலிருந்து பண்டாரவளை போகிற ரோட்டில். முதலாளி ராமாமிர்தம் ஐயா. பதுளை டவுனில் பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். கடையில் கஜம் கஜமாகக் கிழித்துக் கொடுத்தவர்கள், இன்று ஆஸ்திரேலியாவுக்குக் குழந்தைகளின் இரவு உடுப்பைக் கப்பலில் அனுப்புகிறார்கள். நமுனுகுல, தெமோதர பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இருநூற்று அறுபது பெண்களைக் கம்பனி பஸ் காலையில் அள்ளிக்கொண்டு வரும். கொழுந்து பறிக்காமல் தப்பித்தவர்கள் என்று எங்களுக்குள் பெருமை வேறு. தலைக்கு மேல் கூரை உண்டு, அட்டைக்கடி கிடையாது, விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்கத் தேவையில்லை.

முன்பெல்லாம் கொன்டெய்னர் புறப்படும்போது முதலாளியே டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டுவார். ஆஸ்திரேலியா ஓடர் வந்ததும் அது நின்றுபோனது. அந்த நாட்டுக்காரர்களுக்கு மண், விதை, பழம், இலை எதுவும் ஆகாதாம். அதில் பூச்சி ஒட்டிக்கொண்டு போய் அவர்களுடைய வயலைத் தின்றுவிடுமாம். ஏற்றுகிற இடத்தில் பெரிய பலகை மாட்டினார்கள். பழத்தின் படத்துக்கு மேல் சிவப்புக் கோடு, செடியின் படத்துக்கு மேல் சிவப்புக் கோடு. மத்தியானத்துக்கு வாழைப்பழம் கொண்டுவந்தாலும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்களை உட்கார வைத்து வகுப்பும் எடுத்தார்கள். நானும் கேட்டேன், கேட்டதற்குக் கையெழுத்தும் போட்டேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அந்தக் கொன்டெய்னரைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இழுத்துப் போகிற லொறியின் டிரைவர் என் புருஷன் கிருபாகரன். அவர் கார்மென்டின் ஆள் இல்லை. முதலாளி வாடகைக்குப் பிடிக்கிற லொறிக் கம்பனியின் ஆள். மாதத்தில் மூன்று தடவை ஹப்புத்தளை, பெரகல, ஹல்துமுல்ல வளைவுகளில் இறங்கி இரத்தினபுரி வழியாகப் போய் வருவார். அவர் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துச் சபையில் கஞ்சிரா தட்டிப் பாடுகிறவர். நான் முனியாண்டி கும்பிடுகிறவள். விரும்பிக் கட்டிக்கொண்டோம். நான் மாறவில்லை, அவர் மாறச் சொல்லவும் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். மற்ற டிரைவர்மார் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவார்கள். இவர் தொங்கவிட மாட்டார்.

"வண்டிய ஓட்டுறது நான், பாத்துக்கிறது ஆண்டவர். நடுவுல இந்தக் காய் எதுக்கு?" என்பார்.

"காய் இல்லங்க, பழம்" என்பேன். அவர் சிரித்துவிடுவார். சண்டை அதோடு முடிந்துவிடும்.

போன செப்டம்பரில் மதுரன் செத்துப்போனான். இவருடைய கூட்டாளி, அதே கம்பனி டிரைவர். ஹல்துமுல்லவுக்குக் கீழே இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லொறியோடு பள்ளத்தில் விழுந்தான். கொன்டெய்னர் பெட்டியைத் தூக்க கிரேன் வந்தது. அவனைத் தூக்க, பக்கத்துத் தோட்டத்துச் சனம் கயிறு கட்டி இறங்கியது. இவரும் இறங்கினார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அதே ரோட்டில் அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். கப்பல் யாருக்காகவும் நிற்காது, டிரைவர் செத்தாலும் நிற்காது.

அதற்குப் பிறகு அவர் புறப்படுகிற ஒவ்வொரு தடவையும் லொறி வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வருகிற வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், தூரப் பயணம் போகிறவர்களுக்கு முடிச்சு கட்டிக் கொடுப்பது வழக்கம். முனியாண்டி கோயில் மண் ஒரு சிட்டிகை, மஞ்சள் தடவிய அரிசி ஒரு பிடி, ஒரு எலுமிச்சம்பழம். வீட்டில் காத்திருக்கிறவர்கள் யாராவது உடுத்திய துணியைக் கிழித்து அதில் முடிய வேண்டும். போகிறவர் கொண்டுபோகிற சுமையோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிற பையன்களின் பையிலும் அது இருக்கும், குவைத்துக்குப் போகிற பெண்களின் சூட்கேசிலும் இருக்கும். பத்திரமாகப் போய் இறங்கிய பிறகு அவிழ்த்து ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

இவர் கையில் கொடுத்தால் தூக்கிப் போட்டுவிடுவார். லொறியில் ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவார், சீட்டுக்கு அடியில் வரைக்கும் துடைத்து வைக்கிற மனுஷன். யோசித்துப் பார்த்தேன். இவருடைய சுமை எது? பின்னால் வருகிற பெட்டிதானே? சீல் அடித்துவிட்டால் அதற்குள் இவர் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. அப்படியானால் கொழும்பில் யார் அதை அவிழ்த்துத் தண்ணீரில் விடுவது? அதையும் யோசிக்காமல் இல்லை. கடலும் ஓடுகிற தண்ணீர்தானே, கப்பல் பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பலகையில் இருந்த சிவப்புக் கோடும் ஞாபகம் வந்தது. ஒரு பழம், ஒரு பிடி அரிசி, இதில் ஒரு தேசத்தின் வயலா அழிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் மகள் ரொஷானிக்கு நாலு வயசு. முதல் பிறந்தநாளுக்கு அவர் கொழும்பு நடைபாதைக் கடையில் வாங்கிவந்த கவுன் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. மஞ்சள் துணி, அதில் சின்னச் சின்ன நீலக் குடைகள். அவளுக்குச் சிறிசாகி வெகுநாளாகிவிட்டது. பின்பக்க ஓரத்தில் கை அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து முடிச்சைப் போட்டேன். மறுநாள் இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். கேட்டில் சாப்பாட்டுப் பையைத்தான் பார்ப்பார்கள்.

அன்றைக்கு ஒரே மழை. கப்பலுக்குக் கொடுத்த நேரம் நெருங்கிவிட்டது என்று எல்லோரும் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொன்டெய்னருக்குள் போனேன், கதவைச் சாத்தினார்கள். கதவோரம் தரையில், சாமான் நகராமல் கயிறு போட்டுக் கட்டுவதற்கு இரும்பு வளையம் இருக்கும். கதவுத் தூணின் மறைவில் இருந்த வளையத்தைத் தடவிப் பிடித்து முடிச்சைக் கட்டினேன். "முனியாண்டி, அவரப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுவந்து சேத்துரு" என்று கும்பிட்டேன். பிறகு கதவைத் தட்டி "சரி" என்று கத்தினேன்.

ஆயிரத்துச் சொச்சம் அட்டைப்பெட்டி ஏறியது. கடைசி வரிசையைத் தள்ளி அடுக்கியதும் வளையம் மறைந்துபோனது. சுப்பவைசர் றோசாலி அக்கா, உள்ளே பெட்டிகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எழுதிய பாரத் தாளில் மழைக்கு ஒதுங்கி நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கதவைப் பூட்டி சீல் அடித்தார்கள். என் புருஷன் கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் புறப்பட்டார்.

பின்னேரம் போன் வந்தது. "பெரகலவுக்கு மேல மண்ணு சரிஞ்சிருக்கு புள்ள. ரோட்டத் தொறக்கிற வரைக்கும் இங்கதான் கெடக்கணும்."

ஒன்பது மணித்தியாலம் லொறிக்குள்ளேயே இருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் முந்திப் போயிருந்தால் மண் அவர் மேல் விழுந்திருக்கும். என் முடிச்சுதான் அவரை மண்ணுக்கு இந்தப் பக்கம் நிறுத்தியது என்று சத்தியமாக நம்பினேன். இரண்டு நாள் கழித்து மகளுக்கு ஒரு பந்து வாங்கிக்கொண்டு முழுசாக வந்து நின்றார். சந்தோஷத்தில் அன்றைக்கு நான் கோழி வாங்கிக் குழம்பு வைத்தேன்.

ஐந்து வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை, மெஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் ஏற்றுகிற இடத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாளியின் கையில் பெரிதாக்கி எடுத்த ஒரு போட்டோ இருந்தது.

"ஆஸ்திரேலியாவுல நம்ம பெட்டியத் தொறந்தப்போ கதவுக்கிட்டேயே இது இருந்திருக்கு" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "அரிசியில பூச்சி. பெட்டிங்க மேல எல்லாம் ஏறியிருக்கு. மொத்தத்தையும் பிடிச்சு வச்சிட்டாங்க. இது எங்க ஏறுச்சின்னு மூணு நாள்ல பதில் கேக்குறாங்க. இங்கதான்னு ஆச்சுன்னா ஓடரும் இல்ல, கார்மென்டும் இல்ல."

போட்டோவைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார்கள். என்னிடமும் வந்தது. எலுமிச்சம்பழம் கறுத்துச் சுருங்கிக் கல்லாகியிருந்தது. அரிசி மாவாகிக் கொட்டியிருந்தது. துணி மட்டும் அப்படியே இருந்தது. மஞ்சள் நிறம், நீலக் குடைகள். பக்கத்தில் நின்றவளிடம் போட்டோவைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

றோசாலி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால் வந்து என்னைப் பிடித்தார்.

"அக்கா, அது வந்து..."

"சொல்லாத." என் வாயைப் பொத்தினார். "ஒன் மூஞ்சியே சொல்லிருச்சு. என் காதுல போடாத."

"நான் முதலாளிக்கிட்ட சொல்லிர்றேன்க்கா."

"சொல்லு. பாரத்துல இருக்கிறது என் கையெழுத்து. உள்ள ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தவ நான். ஒனக்குப் புருஷன் சம்பாதிக்கிறான். எனக்கு யாருடி இருக்கா? ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு இந்த வயசுல நான் திரும்பக் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போகணுமா?" அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூணு நாள் வாய மூடிக்கிட்டு இரு. எங்க ஏறுச்சின்னு யாருக்கும் தெரியலன்னு எழுதிருவாங்க. அடங்கிரும்."

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் மூடிக்கொண்டேன். கார்மென்டில் ஏதோ பிரச்சினையாமே என்று என் புருஷன் கேட்டபோது, ஆமாங்க, ஏதோ பூச்சியாம் என்றேன். வேறு எந்தப் பாவத்தை மன்னித்தாலும் அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

மறுநாள் அவரை ஒபிசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இருட்டைப் பார்த்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். முதலாளி இருந்தார், லொறிக் கம்பனியிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தார். மேசையில் ஒரு தாள். அதில் லொறி எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்றது என்ற கணக்கு. ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

"பழைய கொன்டெய்னர்ல சீல ஒடைக்காமலேயே கதவுப் பிடிய கழட்டலாம்" என்றார் லொறிக் கம்பனி ஆள். "ஒம்பது மணித்தியாலம் ஒத்தையில நின்னிருக்கான். தொறந்திருக்கான். திருடத் தொறந்தானோ, எதுக்குத் தொறந்தானோ. போறப்போ இந்த எலுமிச்சம்பழ முடிச்சையும் கட்டிட்டுப் போயிருக்கான்."

என் புருஷனுக்கு முதலில் கோபமே வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "நானா? எலுமிச்சம்பழமா? ஐயா, ஒங்களுக்கே தெரியும். என் வண்டியில ஒரு மிளகாகூட தொங்கவிட்டதில்ல. வேதத்து மேல கைய வச்சு சொல்றேன், அந்தக் கதவுக்கிட்டயே நான் போகல. ரோட்டுல நின்ன மத்த டிரைவர்மாரக் கேட்டுப் பாருங்க."

முதலாளி போட்டோவை மேசையில் அவர் பக்கம் தள்ளினார். அதுவரை என் புருஷன் அந்தப் போட்டோவைப் பார்த்திருக்கவில்லை.

எடுத்தார். பார்த்தார். அவருடைய கட்டைவிரல் ஒரு நீலக் குடையின் மேல் வந்து நின்றது. அந்தக் கவுனை வாங்கியவர் அவர். அதைப் போட்டுக்கொண்டு மகள் முதல் தடவை நடந்து வந்தபோது கீழே குனிந்து பிடித்தவர் அவர். அப்போதும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் அங்கேயே விழுந்து அழுதிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

போட்டோவை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"நான்தாங்க கட்டுனேன்" என்றார்.

"இல்ல!" என்று கத்தினேன். "பொய் சொல்றாரு. நான் கட்டுனேன்யா. இருட்டுப் பாக்க உள்ள போனப்போ நான்தான் வளையத்துல கட்டுனேன். அது என் புள்ளையோட கவுன்."

லொறிக் கம்பனி ஆள் உதட்டைப் பிதுக்கினார். "புருஷனுக்காகப் பொம்பள அப்படித்தான் பேசும்" என்றார். முதலாளி ஒரு வெள்ளைத் தாளை என் புருஷன் பக்கம் நகர்த்தினார். மதுரன் செத்ததிலிருந்து மனசு சரியில்லை, பயத்தில் கட்டினேன், வேறெதையும் தொடவில்லை என்று அவர் சொன்னார். அதை எழுதினார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக் கவனமாக மேசையில் வைத்தார்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் வெளியே போனதும் முதலாளியின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மண்ணும் மஞ்ச அரிசியும் வச்சு ஒரு வேதக்காரன் முடிச்சுக் கட்டுவானாய்யா? ஒங்களுக்குத் தெரியாதா? நீங்களே டயருக்குக் கீழ பழம் வச்ச ஆளுதானே?"

"தெரியும்" என்றார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"பாத்த ஒடனே தெரியும். எங்க கடையிலயும் என் பொண்டாட்டி கட்டி வச்சிருக்கா." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை, களைப்புத்தான். "நீ சொல்றத எழுதினா இந்தக் கேட்டுக்கு நாளைக்குப் பூட்டு. இருநூத்தி அறுபது பேரு. அவன் சொல்றத எழுதினா ஒருத்தன்."

"அந்த ஒருத்தன் என் புருஷன்யா."

"அதனாலதான் ஒன்ன வேலையில வச்சிக்கிறேன். போ, லைன்ல ஆள் இல்ல."

போனேன். வேறென்ன செய்தேன்? லைனுக்குப் போய் உடுப்பு மடித்தேன். முதலாளியைக் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் போட்ட கணக்கில் தப்பில்லை என்பது அதைவிட எரிந்தது. பக்கத்து மேசைப் பெண்கள் ஒருத்தியும் என்னிடம் பேசவில்லை. மத்தியானம் றோசாலி அக்கா தன் பாத்திரத்திலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் சோற்றின் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தின்னவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. லொறிக் கம்பனி அவரை நிறுத்தியது. துறைமுகத்துக்குள் போகிற பாஸைப் பறித்தார்கள். வேறு கம்பனிகளில் கேட்டால், கொன்டெய்னரைத் திறந்த டிரைவர் என்று பேர் முந்திக்கொண்டு போயிருந்தது. பொலிசில் ஒரு வாக்குமூலம் எடுத்தார்கள், திருட்டு எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார்கள். பூச்சி கொல்லப் புகை போட்ட உடுப்பைக் குழந்தைகளுக்கு விற்க மாட்டோம் என்று ஆஸ்திரேலியாக் கடைக்காரர்கள் சொல்லிவிட, ஆயிரத்துச் சொச்சம் பெட்டியையும் அங்கேயே அழித்துவிட்டார்களாம். ஓடர் மட்டும் தப்பித்தது. பழி எங்கள் கேட்டுக்கு வெளியே விழுந்ததல்லவா.

அவருக்கு இதெல்லாம்கூட வலித்திருக்காது. சபையில் நடந்ததுதான் வலித்திருக்கும். கர்த்தரை நம்பாமல் மந்திர முடிச்சுக் கட்டியவன் என்று கதை லயம் லயமாகப் பரவிவிட்டது. போதகர் அவரைக் கூப்பிட்டு, மனந்திரும்புகிற வரைக்கும் கஞ்சிராவைத் தொட வேண்டாம், பின்வரிசையில் உட்காரலாம் என்று சொன்னார். உண்மையைச் சொல்ல நான் போதகரிடம் ஓடினேன். லொறிக் கம்பனி ஆள் போலவே அவரும், புருஷனுக்காகப் பேசுகிற மனைவி என்றார், என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பினார். என் புருஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். பாட்டு வரும்போது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஒரு தடவை நானே காலில் விழப்போனேன். "புள்ள முழிச்சிக்கும்" என்று சொல்லித் தூக்கி நிறுத்திவிட்டார். நான் பஸ் ஏறிப் போனதும் மகளை நர்சரியில் விட்டு, விறகு பொறுக்கி, சோறு வடித்து வைப்பார். எப்போதாவது யாராவது மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குக் கூப்பிட்டால் போவார்.

நான் இன்னும் அதே கார்மென்டில்தான் இருக்கிறேன். இப்போது கேட்டில் ஒரு பெண் காவலாளி எங்கள் இடுப்பையும் தடவிப் பார்க்கிறாள். இருட்டைப் பார்க்க வேறு யாரும் வராததால் இன்றைக்கும் நான்தான் போகிறேன். இரண்டு நிமிஷம் உள்ளே நிற்பேன். முன்பு இல்லாத பயம் இப்போது வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டி "சரி" என்று கத்துவேன். வெளியே வந்தால் புது டிரைவர் நிற்பான். அவன் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். பம்பர் கப்பல் ஏறாது என்பதால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

போன சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அவர் லயத்துப் பீலியில் கொட்டுகிற தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ரொஷானி பக்கத்தில் உட்கார்ந்து நுரையை ஊதிக்கொண்டிருந்தாள். வாளியில் மேலே கிடந்தது அந்த மஞ்சள் கவுன். டிரங்குப் பெட்டியின் அடியில் நான் ஒளித்து வைத்திருந்தது. எப்போது எடுத்தாரோ தெரியவில்லை.

அவர் அதைப் பிழிந்து, விரித்து, இரண்டு கையிலும் பிடித்துப் பார்த்தார். பின்பக்க ஓரத்தில் நான் கிழித்த இடம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. நான் பையை இறக்கிக்கூட வைக்காமல் அங்கேயே நின்றேன்.

"புள்ள" என்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தார். "முடிச்சு போடுறப்போ என்னன்னு வேண்டிக்கிட்ட?"

அப்போதுதான் பையைக் கீழே வைத்தேன்.

"நீங்க பத்திரமா வீட்டுக்கு வந்து சேரணும்னுதாங்க."

அவர் கவுனை உதறிக் கொடியில் போட்டார். கிழிந்த பக்கம் ரோட்டுக்குத் தெரியாதபடி உள்பக்கமாகத் திருப்பிவிட்டார்.

"வந்துட்டேன்ல" என்றார்.

பிறகு குனிந்து வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்தார்.